ஆறு தோழிகள் ஜப்பானுக்குப் போகும்போது

ஜப்பான் ஒருவர் இருவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த நாடு. ராமென் நூடுல்ஸ் கடைகளில் எட்டோ பத்தோ நாற்காலிதான் இருக்கும், அதுவும் சமையல் மேடையைப் பார்த்து ஒரே வரிசையாக. சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏற முடியும். ஹோட்டல் அறையில் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க வழியிருக்காது. அங்கே போய் ‘ஆறு பேரும் சேர்ந்தே சுற்றுவோம், சேர்ந்தே சாப்பிடுவோம்’ என்று பிடிவாதம் பிடித்தால், கோயில் வாசலிலும் கடை வாசலிலும் ஆள் சேர்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

எங்கள் கூட்டத்தில் டிக்கெட் போடுவது, ஹோட்டல் பிடிப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் என் தலையில்தான் விழும். அதனால் கீழே சில வரிகள் கொஞ்சம் அதட்டலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எதைப் பார்ப்பது என்பதை அங்கே போய்க்கூட முடிவு செய்யலாம். எங்கே பிரிவது, மறுபடி எங்கே சேர்வது என்பதைத்தான் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் இணையம். ஆளுக்கொரு இ-சிம் வாங்குங்கள். ஒரு பாக்கெட் வைஃபையை வாடகைக்கு எடுத்து ஆறு பேரும் பகிர்ந்தால் காசு மிச்சம்தான். ஆனால் அந்தப் பெட்டியை வைத்திருப்பவள் கழிப்பறைக்குப் போனால்கூட மற்ற ஐந்து பேரும் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும். பவர் பேங்க்கும் அப்படியே, ஆளுக்கொன்று. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், சாக்கெட் இரண்டு தட்டைக் கம்பிகளுக்கானது. உருண்டைக் கம்பி பிளக் என்றால் அடாப்டர் வேண்டும்.

அடுத்தது ரயில் அட்டை. சூய்க்கா, பாஸ்மோ, இக்கோக்கா என்று பல பெயர்கள் இருந்தாலும் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும்: வாசலில் தட்டினால் கதவு திறக்கும், இறங்குமிடத்தில் தட்டினால் காசு கழியும். ஒரு அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சூய்க்காவைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் பொதுவாக அது வேலை செய்யாது, அவர்கள் அட்டையாக வாங்க வேண்டும். 28 நாள் செல்லுபடியாகும் ‘வெல்கம் சூய்க்கா’ அட்டைக்கு முன்பணம் கிடையாது. இன்னொன்று: டோக்கியோ பகுதியில் அட்டையைத் தட்டி ஏறி, கியோட்டோ பகுதியில் தட்டி இறங்க முடியாது. அந்த இரண்டு பகுதிகளுக்கும் இடையே போகத் தனி டிக்கெட்தான்.

நாடு முழுக்க ஜே.ஆர். நிறுவன ரயில்களில் போக உதவும் ஜே.ஆர். பாஸ் பற்றிப் பழைய பயணக் கட்டுரைகள் புகழ்ந்து தள்ளியிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நொசொமி என்னும் ஷின்கான்சென் (புல்லட்) ரயிலில் இருக்கை பதிவு செய்து போனால் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான். போக வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். ஹிரோஷிமா, அதற்கும் அப்பால் என்று நீண்டால் மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மருந்துப் பெட்டியை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடுங்கள். சூடோஎபெட்ரின் அளவு அதிகமுள்ள சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இறைச்சியில் செய்த எதையும், பச்சை இலை, பழம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், ஆகஸ்ட் நடு, புத்தாண்டு ஆகிய நாட்களில் நாடே ஊருக்குக் கிளம்பும். அப்போது நொசொமியில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. விடுமுறைத் தேதியை ஆறு பேரும் கூடிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

ரயிலில் தொலைவது

ஜப்பானில் ஒரு கூட்டம் சிதறுவது பெரும்பாலும் ரயில் நிலையத்தில்தான். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. ‘வெளியே வந்து நில்லு’ என்று சொன்னால் ஆறு பேரும் ஆறு தெருக்களில் நிற்பார்கள். “ஒரு பெரிய கடை தெரியுதுடி, சிவப்பு போர்டு” என்று போனில் அடையாளம் சொல்வார்கள். அங்கே எல்லாக் கடையும் பெரிய கடைதான், எல்லா போர்டும் சிவப்புதான்.

இதற்கு ஒரு நல்ல வழி ஜப்பான்காரர்களே தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். பல நடைமேடைகளில் எந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று எண் போட்டிருக்கும். ‘நான்காம் நடைமேடை, ஐந்தாம் பெட்டி எண்’ என்று குறித்துக்கொண்டால் தேட வேண்டியதே இல்லை. நிலையத்துக்கு வெளியே சந்திப்பதென்றால் வாசலின் பெயரைப் படம் பிடித்துக் குழுவில் போடுங்கள். ஷிபுயாவில் ஹச்சிகோ நாய் சிலையருகே சந்திக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இறந்துபோன எஜமானுக்காக அந்த நாய் ஏறக்குறைய பத்து வருஷம் நிலைய வாசலில் காத்திருந்தது உண்மைதான். ஆனால் டோக்கியோவில் பாதிப் பேர் இன்றைக்கும் அங்கேதான் காத்திருக்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் உங்கள் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

யாராவது ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டால்? ‘அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்போம்’ என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே தண்டவாளத்தில் எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும் ஓடும், பலவற்றைத் தாண்டிப் போகும் விரைவு வண்டியும் ஓடும். முன்னால் போனவர்களுக்கு ‘அடுத்த நிலையம்’ ஒன்று, பின்னால் வருகிறவளுக்கு வேறொன்று. எங்கள் விதி இது: யாரும் திரும்பி வரக்கூடாது, நடுவில் இறங்கக்கூடாது. எல்லாரும் போக வேண்டிய ஊருக்கே போய், அந்த நடைமேடையிலேயே நிற்க வேண்டும்.

அந்த விதி ஒருமுறை நன்றாக உதவியது. நொசொமி நகோயாவில் நின்றபோது எங்களில் ஒருத்தி ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று நடைமேடைக் கடையில் ஏதோ வாங்க இறங்கினாள். ஷின்கான்சென் நடு நிலையங்களில் ஒன்றிரண்டு நிமிடம்தான் நிற்கும். அவளுடைய பெட்டி, மாற்றுச் செருப்பு வைத்த பை எல்லாம் எங்களோடு கியோட்டோவுக்கு வந்தன, அவள் மட்டும் கையில் இரண்டு சோற்றுப் பெட்டிகளோடு நகோயாவில் நின்றாள். டிக்கெட்டும் போனும் அவளிடம் இருந்ததால் பிழைத்தோம். நிலைய ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டினாள், அடுத்த நொசொமியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறச் சொன்னார்கள். சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி வரும் பாதை அது. வந்து சேர்ந்தபோது சோறு இன்னும் சூடாக இருக்கிறது என்று பெருமை வேறு. ஆக டிக்கெட், பாஸ்போர்ட், போன் மூன்றும் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பது அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சட்டப்படியும் கட்டாயம்.

இதைவிடக் குறும்பான வண்டி ஒன்று ஓசாகாவில் இருக்கிறது. கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயில் ஹினேனோ என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று முதல் நான்கு வரையிலான பெட்டிகள் விமான நிலையத்துக்கு, ஐந்து முதல் எட்டு வரை வகாயாமா என்ற ஊருக்கு. கூட்டமாக இருக்கிறதே என்று மூன்று பேர் முன்னாலும் மூன்று பேர் பின்னாலும் ஏறினால், பாதிப் பேருக்கு விமானம் போய்விடும். ஏறும்போதே பெட்டி எண்ணைப் பாருங்கள். விமான நிலையத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என்று இரண்டு உண்டு. ஹனேடா ஊரையொட்டி இருக்கிறது, நரிட்டா ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி.

பெரிய பெட்டிகளோடு ஷின்கான்சென்னில் ஏறுவதே தலைவலி. நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு டோக்கியோ - ஓசாகா பாதையில் தனியிடம் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். அதற்குப் பதில் ஹோட்டல் வரவேற்பிலேயே ‘தக்யூபின்’ என்று சொல்லிப் பெட்டியை அடுத்த ஊர் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுங்கள். டோக்கியோவில் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோவில் இருக்கும். ஒரு இரவுக்கான துணியும் மருந்தும் மட்டும் தோள்பையில். கைகள் வெறுமையாக இருந்தால் ஜன்னல் பக்கம் பார்க்கலாம்: டோக்கியோவிலிருந்து போகும்போது ‘ஈ’ வரிசை இருக்கையில் இருந்தால், முக்கால் மணி நேரத்தில் வலப்பக்கம் ஃபூஜி மலை. மேகம் இல்லாவிட்டால்தான் உண்டு. மேகம் இருந்தால் டிக்கெட் போட்டவளைத் திட்டக்கூடாது.

நிலையத்து லாக்கர்களில் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ரயில் அட்டையால் காசு கட்டினால் அதே அட்டைதான் சாவி. எங்கள் ஆறு பேரின் பைகளையும் ஒரே லாக்கரில் வைத்து அட்டையைத் தட்டியவள் ஹராஜுகுவுக்குத் துணி வாங்கப் போய்விட்டாள். குளிரில் ஸ்வெட்டர் எடுக்க வந்த இரண்டு பேர் அவள் வரும்வரை லாக்கருக்குக் காவல் இருந்தார்கள். சேர்ந்து சுற்றும் நாளில் மட்டும் பொது லாக்கர். பிரிந்து போகும் நாளில் அவரவர் பை அவரவர் அட்டையில்.

ஊர் சுற்றும்போது

கியோட்டோவின் ஃபூஷிமி இனாரி பிரிவதற்கென்றே அமைந்த இடம். ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள் மலைமேல் ஏறிக்கொண்டே போகும். கட்டணம் இல்லை, இரவு பகல் திறந்திருக்கும். உச்சி 233 மீட்டர்தான் என்றாலும் படிகள் விடாது, முழுச் சுற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவளையும் ‘வா வா, இன்னும் கொஞ்சம்தான்’ என்று இழுத்துக்கொண்டு போவது அன்பில்லை, கொடுமை. பாதி மலையில் யோத்சுத்சுஜி என்று ஒரு நாற்சந்தி வரும். அங்கே உட்கார இடம், தேநீர்க் கடை, கீழே கியோட்டோ நகரம் முழுக்கத் தெரியும் காட்சி எல்லாம் உண்டு. ஏற முடியாதவர்கள் அங்கே உட்காரட்டும், மற்றவர்கள் உச்சியைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் நல்ல காட்சி உட்கார்ந்தவர்களுக்குத்தான், உச்சியில் பெரிதாக எதுவும் தெரியாது.

கூட்டத்தில் விடியற்காலையில் எழுகிறவள் ஒருத்தியும் பத்து மணிக்கு எழுகிறவள் ஒருத்தியும் கட்டாயம் இருப்பார்கள். இருவரையும் சமாதானப்படுத்த ஒன்பது மணிக்குக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு, ஏனென்றால் அப்போதுதான் எல்லாச் சுற்றுலாக் கூட்டமும் கிளம்பும். கியோமிசு கோயில் காலை ஆறு மணிக்கே திறக்கிறது. மலைச்சரிவில் 13 மீட்டர் உயர மரத்தூண்கள்மேல் நிற்கும் அதன் முகப்பு மேடையை அந்த நேரத்தில் நிம்மதியாகப் பார்க்கலாம். எழுந்தவர்கள் போய்விட்டு வரட்டும், தூங்குகிறவள் தூங்கட்டும், மதியச் சாப்பாட்டில் சந்திக்கலாம். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷா என்னும் பாரம்பரியக் கலைப் பெண்களைப் படம் எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள்: தனியார் சந்துகளில் நுழையத் தடை, 10,000 யென் அபராதம் என்று 2024 முதல் பலகை வைத்திருக்கிறார்கள்.

நாராவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்கள் தெருவில் நடமாடும். தலை குனிந்தால் அவையும் தலை குனிந்து பிஸ்கட் கேட்கும், அதுவரை எல்லாம் அழகு. பிஸ்கட்டை நீட்டிவிட்டுப் படத்துக்காக இழுத்துப் பிடித்தால் பின்னாலிருந்து கடிக்கும். காகிதத்தையும் தின்னும். எங்களில் ஒருத்தியின் கோட்டுப் பையில் இருந்த ஹோட்டல் ரசீதை ஒரு மான் உருவி எடுத்துக்கொண்டது. துரத்தியவள் திரும்பி வந்தபோது கையில் ரசீதும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. தோதாய்ஜி கோயிலின் 15 மீட்டர் புத்தரைப் பார்த்துவிட்டு மானிடம் போங்கள், வரிசையை மாற்றினால் உடையை எச்சில் இல்லாமல் காப்பாற்ற முடியாது.

சாப்பாடு

கூட்டத்தில் ஒரு சைவம் இருந்தால் மொத்தத் திட்டத்தையும் அவள் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜப்பானியச் சமையலின் அடிப்படை ‘தாஷி’ என்ற வடிசாறு. அதைப் பெரும்பாலும் காய்ந்த போனிட்டோ மீனில்தான் எடுப்பார்கள். மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ், வேகவைத்த காய், இனாரி சூஷியின் இனிப்பு டோஃபு உறை என எதிலும் அது இருக்கலாம். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் அவர்கள் சரியென்று இறைச்சியை மட்டும்தான் எடுப்பார்கள், மீன் இருக்கும். எங்கள் சைவத் தோழி அப்படிச் சொல்லி ஒகொனொமியாக்கி வாங்கினாள். முட்டைக்கோஸ் தோசை மாதிரி வந்தது, மேலே மெல்லிய சீவல்கள் சூட்டில் நெளிந்தன. “ஏய், இது அசையுதுடி!” என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அது மீன் சீவல்.

ஆகவே மீன், மீன் சாறு, முட்டை என்று எது ஆகாதோ அதை ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைப் போனில் வைத்திருங்கள். டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே ‘டீஸ் டான்டான்’ என்ற கடையில் முழுச் சைவ ராமென் கிடைக்கிறது. டிக்கெட் வாசலுக்கு உள்ளே இருக்கிறது, அதனால் ரயில் மாறும்போது சாப்பிடுவது வசதி. கியோட்டோவின் அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் ‘ஷிகெட்சு’ என்ற உணவகம் புத்த பிக்குகளின் சைவ உணவைத் தருகிறது. கொஞ்சம் காசு ஆகும். ஆனால் அசைவக்காரர்களும் வாயடைத்துப் போய்ச் சாப்பிட்ட ஒரே சைவச் சாப்பாடு அதுதான். அவசரத்துக்குச் சுட்ட சர்க்கரைவள்ளி, அவித்த சோயாக்காய், வாழைப்பழம் மூன்றும் 24 மணி நேரக் கடைகளில் கிடைக்கும்.

மற்றவர்களுக்கு: ராமென் கடையில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து வரிசையில் நில்லுங்கள். ஆறு நாற்காலி ஒன்றாகக் காலியாகட்டும் என்று நின்றால் பின்னால் நிற்பவர்கள் எல்லாம் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். பல கடைகளில் வாசலிலேயே இயந்திரத்தில் காசு போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் ரொக்கம் மட்டுமே வாங்கும், ஆகவே 1,000 யென் நோட்டுகளைச் சேமித்து வையுங்கள்.

இஸகாயா என்னும் மதுக்கடையில் ஆறு பேரும் ஒரே மேசையில் உட்காரலாம், அங்கே சிக்கல் வேறு. கேட்காமலே ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வைப்பார்கள். இலவசம் என்று சந்தோஷப்படாதீர்கள், அது ‘ஓதோஷி’, இருக்கைக் கட்டணம் மாதிரி பில்லில் வரும். ஏமாற்று இல்லை, அவர்கள் வழக்கம். அளவில்லாமல் குடிக்கும் திட்டத்தை ஒருவர் எடுத்தால் மேசையில் எல்லாரும் எடுத்தாக வேண்டும் என்பார்கள். குடிக்காதவள் ஆரஞ்சு ஜூஸுக்கு அந்த விலை கொடுப்பது அநியாயம், அன்றைக்கு அவளைத் தனியே கடைத்தெருவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒருத்தி குச்சியிலிருந்து இன்னொருத்தி குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள், இறுதிச் சடங்கில் எலும்பை அப்படித்தான் எடுப்பார்கள். டிப்ஸ் வேண்டாம்.

வெந்நீர்க் குளியல்

ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியல் பற்றிக் கிளம்பும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பெண்களுக்குத் தனிப் பகுதிதான், ஆனால் உடை எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சல் உடைக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. இருபது வருஷத் தோழிகள்கூட அந்த வாசலில் தயங்குவார்கள். ‘என்னடி, நமக்குள்ள என்ன?’ என்று யாரையும் வற்புறுத்த வேண்டாம். பல விடுதிகளில் ‘கஷிகிரி’ என்று தனியாக முன்பதிவு செய்யும் குளியலறை உண்டு. பச்சை குத்தியிருப்பவளுக்கும் அதுவே வழி, பல பொதுக் குளங்களில் பச்சைக்கு அனுமதி கிடையாது. குளத்தில் இறங்கும் முன் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட வேண்டும், சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது. அப்புறம், கழிப்பறைச் சுவரில் உள்ள எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்காதீர்கள். அவற்றில் ஒன்று அவசர அழைப்பு, ஊழியர் ஓடி வந்து கதவைத் தட்டுவார்.

தொலைந்தால், நடுங்கினால், நின்றுபோனால்

பொருள் தொலைந்தால் பதற வேண்டாம், உண்மையிலேயே கிடைக்கும் நாடு அது. ரயிலில் விட்டிருந்தால் வண்டி நேரமும் பெட்டி எண்ணும் சொல்லி நிலையத்தில் கேளுங்கள். தெருவில் என்றால் ‘கோபான்’ என்னும் சின்னக் காவல் சாவடி. கண்டெடுத்த பொருளைக் காவல்துறை மூன்று மாதம் வைத்திருக்கும். பாஸ்போர்ட் என்றால் கோபானில் புகார் எண் வாங்கிக்கொண்டு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போக வேண்டும், அதற்காகப் பாஸ்போர்ட் பக்கத்தின் படம் குறைந்தது இன்னொரு தோழியின் போனிலும் இருக்கட்டும். காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119. ஜப்பான் சுற்றுலா அமைப்பின் 050-3816-2787 எண்ணில் எந்நேரமும் ஆங்கிலத்தில் பேசலாம்.

நிலநடுக்க எச்சரிக்கை வந்தால் சுற்றியிருக்கும் போன்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். வெளியே ஓடாதீர்கள், தலையை மறைத்துக்கொண்டு மேசைக்கடியில் போங்கள். அந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் தேட வேண்டாம், அடங்கியதும் குழுவில் ஒரு வரி போட்டால் போதும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் காலம், முதல் நாளே அறிவித்துவிட்டு ரயில்களை மொத்தமாக நிறுத்துவார்கள். 2018 செப்டம்பரில் ஜெபி புயலின்போது ஒரு கப்பல் மோதிக் கன்சாய் விமான நிலையத்துப் பாலமே உடைந்தது. அந்த மாதங்களில் போனால் கடைசி இரவை விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே வையுங்கள். இரவு ரயில்கள் நள்ளிரவையொட்டி முடிந்துவிடும், டாக்சி கட்டணம் கண்ணைக் கட்டும். தவறவிட்ட இரண்டு பேர் விடியும்வரை கரோக்கே அறையில் இருந்துவிட்டு முதல் ரயிலில் வந்தார்கள், குரல்தான் போயிருந்தது.

கணக்கு

பல கடைகளில் பில்லைப் பிரித்துத் தரமாட்டார்கள். ஒருத்தி மொத்தமாகக் கொடுக்கட்டும், அன்றிரவே யென்னிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் ஊர்ப் பணத்துக்கு மாற்றுவதைக் கடைசியில் ஒரே விகிதத்தில் செய்தால் வாக்குவாதம் இல்லை. சேர்ந்து சாப்பிட்டது பொதுக் கணக்கு, பிரிந்து போனபோது செய்தது அவரவர் செலவு. 10 யென், 50 யென் சில்லறைகள் மலையாகச் சேரும், ஊர் திரும்பியபின் நாணயத்தை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். கடைசி நாள் அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, தண்ணீர் பாட்டில் இயந்திரத்தில் போட்டுத் தீர்த்துவிடுங்கள். மொத்தக் கணக்கையும் விமான நிலையத்தில் உட்கார்ந்து அங்கேயே முடியுங்கள். ‘வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று சொல்கிறவளிடம்தான் நிறையப் பாக்கி இருக்கும்.